டாரட் சீட்டு வாசிப்பு: புதிதாகக் கற்போர் முதலில் அறிய வேண்டியது என்ன?

காதல், வேலை, திருமணம் என எதைக் கேட்டாலும் மூன்று சீட்டுகளை எடுத்து வைத்துப் பலன் சொல்லும் காணொலிகள் சமூக வலைதளங்களில் நிறைந்துள்ளன. அவற்றைப் பார்த்துத் தாமும் கற்க விரும்புவோர், 78 சீட்டுகளுக்கும் பொருளை மனப்பாடம் செய்யத் தொடங்கி, சில நாள்களிலேயே சோர்ந்துவிடுவது வழக்கம். இந்தச் சீட்டுகள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் மனப்பாடச் சுமை பெருமளவு குறைந்துவிடும். வீண் செலவும் குறையும்.

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு டாரட் கட்டு முற்றிலும் அந்நியமானது அல்ல. இதில் 56 சீட்டுகள் கோல், கிண்ணம், வாள், நாணயம் என்ற நான்கு வகைகளில் அமைந்தவை. இவை முறையே கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமண்ட் ஆகியவற்றுக்கு இணையாகக் கருதப்படுகின்றன. இஸ்பேட் என்ற சொல்லின் வேரே வாளைக் குறிக்கும் தென் ஐரோப்பியச் சொல்தான். ஒவ்வொரு வகையிலும் ராஜா, ராணி, ஏவலாள் ஆகியோருடன் குதிரை வீரன் ஒருவன் கூடுதலாக இருப்பான். எஞ்சிய 22 சீட்டுகள், 'முட்டாள்' தொடங்கி 'உலகம்' வரை தனிப் பெயர் கொண்டவை. இவற்றை மேஜர் அர்கானா என்றும், மற்ற 56 சீட்டுகளை மைனர் அர்கானா என்றும் அழைக்கின்றனர்.

விளையாட்டாகத் தொடங்கியது

15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியின் அரண்மனைகளில் பொழுதுபோக்குக்காக உருவானதே இந்தக் கட்டு. அந்த 22 சீட்டுகளும் ஆட்டத்தில் துருப்புச் சீட்டுகளாகப் பயன்பட்டன. பிரான்சில் இன்றும் இதை விளையாட்டாக ஆடுவோர் உள்ளனர். 1781இல் அந்தோனி கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சு அறிஞர், இவை பண்டைய எகிப்தின் ஞான நூலில் எஞ்சிய பக்கங்கள் என்று எழுதினார். எகிப்திய எழுத்துகளை அப்போது எவராலும் படிக்க இயலாது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஷாம்போலியோன் அவற்றின் புதிரை அவிழ்த்தது 1822இல்தான். ஆனால், அதற்குள் எகிப்துக் கதை பரவிவிட்டது. அலியெட் என்ற பிரெஞ்சுக்காரர் தம் பெயரைத் தலைகீழாக்கி 'எத்தெய்யா' என வைத்துக்கொண்டு, குறி சொல்வதற்கென்றே கட்டு தயாரித்து விற்றார்.

இன்று புதியவர்கள் கையில் எடுக்கும் கட்டு பெரும்பாலும் 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டது, அல்லது அதைத் தழுவியது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் படங்களை வரைந்தார். அதற்கு முன் பரவலாகப் புழங்கிய கட்டுகளில் கிண்ணம் ஐந்து என்றால் ஐந்து கிண்ணங்கள் மட்டுமே இருக்கும். பொருளை நெட்டுருப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்மித் 56 சீட்டுகளுக்கும் ஏறத்தாழ ஒரு காட்சியையே வரைந்து தந்தார். பெரிய வேலை, மிகச் சொற்பக் கூலி என்று நண்பருக்குக் கடிதம் எழுதிய அவர், 1951இல் வறுமையில் இறந்தார். பல பத்தாண்டுகளாக அந்தக் கட்டு 'ரைடர்-வெயிட்' என்றே அழைக்கப்பட்டது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மையில்தான் வலுப்பெற்றது.

பார்ப்பதே பயிற்சி

அந்தக் 'கிண்ணம் ஐந்து' சீட்டையே எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். அவர் முன்னே மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுப்புறம் இரண்டு கிண்ணங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றை அவர் பார்க்கவில்லை. தொலைவில் ஆறு, பாலம், கோட்டை. இழப்பு, துயரம், இன்னும் எஞ்சியிருப்பது என்ற வழக்கமான பொருள்கள் அனைத்தும் படத்திலேயே உள்ளன. எனவே நாளுக்கு ஒரு சீட்டை எடுத்து, கையேட்டைத் திறக்காமல், படத்தில் யார் என்ன செய்கிறார், எங்கே பார்க்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு நூலுடன் ஒப்பிடுவது நல்ல தொடக்கம். தலைகீழாக விழும் சீட்டுகளுக்குத் தனிப்பொருள் தேடுவதைத் தொடக்கத்தில் விட்டுவிடலாம். பத்துச் சீட்டு 'கெல்டிக் சிலுவை' அடுக்குக்கும் அவசரம் இல்லை.

புதியவர்களை அதிகம் அச்சுறுத்துவது 13ஆம் எண் கொண்ட 'மரணம்'. கருங்கவசம் பூண்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் வீழ்ந்து கிடக்கிறான். ஆனால், அடிவானில் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் ஒளிர்கிறது. ஒரு கட்டம் முடிந்து மற்றொன்று தொடங்குவதையே இது குறிப்பதாக வாசிப்போர் கொள்கின்றனர். இந்தச் சீட்டைக் காட்டி உயிர்ப்பயம் ஊட்டுபவர், அந்த மரபையே அறியாதவர் அல்லது அறிந்தே ஏமாற்றுபவர்.

சீட்டுகள் எதிர்காலத்தைக் கணிக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. 78 சீட்டுகளிலிருந்து மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள் உள்ளன. எது விழும் என்பது கலைக்கும் கையின் தற்செயல். ஆயினும் பலன் பொருந்துவதாகத் தோன்றுவது ஏன்? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர், தம் மாணவர்கள் 39 பேருக்கு அவரவர் குணநல அறிக்கை எனக் கூறி, ஒரே வாசகங்களை வழங்கினார். அது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று கேட்டபோது, அவர்கள் 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் தந்தனர். எவருக்கும் பொருந்தும் பொதுச் சொற்களை நாம் நமக்கென்றே சொன்னதாக ஏற்றுக்கொள்கிறோம்.

கேள்வி கேட்கும் விதம் முக்கியத்துவம் பெறுவது இதனால்தான். 'வேலை எப்போது கிடைக்கும்?' என்பதற்குச் சீட்டிடம் விடை இல்லை. 'வேலை தேடுவதில் எதைக் கவனிக்கத் தவறுகிறேன்?' என்று கேட்டால், படம் யோசிக்க ஒரு சாக்காக அமையும். பிறருக்கு வாசிப்போர் மருத்துவம், வழக்கு, முதலீடு ஆகியவற்றில் தீர்ப்புச் சொல்லாமல் விலகி நிற்பதே நேர்மை.

முதல் கட்டு பரிசாகத்தான் கிடைக்க வேண்டும், 'சக்தியூட்டப்பட்ட' கட்டே பலிக்கும் என்ற பேச்சுகளையும் நம்ப வேண்டியதில்லை. 1909 கட்டு கடையில் விற்பதற்காகவே அச்சிடப்பட்டது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிவதால், ஸ்மித்தின் மூலப் படங்களைக் காணப் பணம் கட்டவும் தேவையில்லை.

தோஷம் இருப்பதாகக் கூறிப் பரிகாரத்துக்கு மேலும் மேலும் பணம் கேட்பது மோசடியின் தெளிவான அடையாளம். குறிப்பிட்ட நோய்களை மாய முறையில் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. இணையவழியில் பணம் இழந்தோர் உடனடியாக 1930 என்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.