அவருக்குச் செய்தீர்களே?

"அவருக்குச் செய்தீர்களே, எனக்கு ஏன் இல்லை?" என்று தாலுகா ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். "உங்களுக்குச் செய்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும்" என்பார்கள். இரண்டு பேர் பேசுவதும் முன்னுதாரணத்தைப் பற்றித்தான். ஆனால் நீதிமன்றத்தில் அதன் எடை வேறு. அங்கே அது முன்தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பையோ தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டத்தான் முடியும், ஏற்பதும் ஏற்காததும் நீதிபதியின் பாடு.

முன்தீர்ப்பில் யார் ஜெயித்தார் என்பது நமக்கு உதவாது. எந்தக் காரணத்தால் ஜெயித்தார் என்பதுதான் அடுத்த வழக்குக்குச் செல்லும். பத்திரிகைத் தலைப்பை மட்டும் நம்பி வழக்குப் போடுகிறவர்கள் அடிபடுவது இங்கேதான்.

புகார் கொடுக்கப் போகிறவருக்கு உதவும் முன்தீர்ப்பு ஒன்று உண்டு: லலிதா குமாரி வழக்கு. காணாமல்போன சிறுமியைப் பற்றிய புகாரில் போலீஸ் அசையாததால் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள்: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். குடும்பத் தகராறு, மருத்துவ அலட்சியம் போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். நம் ஊர் ஸ்டேஷன்களில் புகாரைப் பெற்றதற்குக் கையில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்!

ஆனால் முன்தீர்ப்புக்கும் ஆயுள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் கொடுக்கிறது. சாதாரணத் திருட்டு இதில் வரும். கொலைக்கும் கொள்ளைக்கும் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே பழைய தீர்ப்பை நீட்டுமுன், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'அதிரடித் தீர்ப்பு'களைப் பற்றியும் அப்படியே கேளுங்கள்.

ஸ்டேஷனில் மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குப் பேசலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.