புறப்படவும் ஆணை, நிற்கவும் ஆணை

விளையாடி வந்த குழந்தையின் முழங்காலில் சிராய்ப்பு; மறுநாள் காலையில் அவ்விடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. சொந்த ஊரை விட்டு, பாட்டியின் துணையின்றிக் குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களில் தாயின் உறக்கம் போக இதுவே போதும். வீக்கத்தையே நோயென்று எண்ணி அஞ்சுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் உடல் தொடுக்கும் தற்காப்புப் போரே. அப்போருக்கு ஆணை எவ்வாறு பிறக்கிறது?

1938-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்த டேவிட் பால்டிமோர், வைரஸ் ஆராய்ச்சிக்காக 1975-இல், தமது 37-ஆம் வயதில், நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த அவரது ஆய்வுக்கூடத்தில் ரஞ்சன் சென் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தை 'பி' வகை உயிரணுக்கள் மட்டுமே செய்கின்றன. அதற்குரிய மரபணுவை அங்கே எழுப்புவது எது?

1986-இல் இருவரும் விடையை வெளியிட்டனர். அம்மரபணுவின் ஊக்கப் பகுதியில் வந்து பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் அவர்களுக்கு அகப்பட்டது. அதற்கு 'என்.எஃப். கப்பா பி' என்று பெயரிட்டனர். வியப்பு அத்துடன் முடியவில்லை. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் சேர்த்ததும், அதுவரை அப்புரதம் தென்படாத இளம் உயிரணுக்களிலும் அது தோன்றிற்று. புதிய புரதம் எதுவும் உண்டாகாதபடி மருந்திட்டுத் தடுத்த பின்னரும் தோன்றிற்று! ஆகவே அது புதிதாகச் செய்யப்பட்டதன்று; முன்பே ஆயத்தமாக இருந்ததாகும்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது எளிதில் விளங்குகிறது. எஞ்சின் பூட்டிய வண்டி நிலையத்தில் நிற்கிறது. சிக்னல் விழவில்லை, அவ்வளவே. உயிரணுவில் வண்டியைப் பிடித்து வைப்பது 'ஐ கப்பா பி' என்னும் காவல் புரதம். 1988-இல் பாட்ரிக் பாயர்லேயும் பால்டிமோரும் இதனைக் கண்டறிந்தனர். கிருமி வந்த செய்தி எட்டியதும் காவல் புரதம் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் சில நிமிடங்களில் உட்கருவினுள் நுழைந்து, தற்காப்புக்கு வேண்டிய மரபணுக்கள் பலவற்றை இயக்கிவிடுகிறது. சிவப்பும் வீக்கமும் சூடும் அதன் விளைவே.

அது எழுப்பும் மரபணுக்களுள் தன் காவலனை மீண்டும் செய்யும் மரபணுவும் ஒன்று. புறப்படும்போதே நிற்பதற்கும் ஏற்பாடு செய்துகொள்கிறது! இந்த அடக்கம் தவறி, ஆணை ஓயாது நீடிக்கும் நிலை முடக்குவாதத்திலும் குடல் அழற்சியிலும் சில புற்றுநோய்களிலும் காணப்படுகிறது.

இங்கே நமக்கொரு பாடம் உண்டு. ஸ்டீராய்டு மருந்துகள் இந்த ஆணையை அடக்குகின்றன. மருத்துவர் அளவறிந்து தரும்போது அவை உயிர் காக்கும். வீக்கம் விரைவில் வடிகிறதே என்று நாமே கடையில் கேட்டு வாங்கி விழுங்கினாலோ, கிருமி உள்ளே இருக்கக் காவலை உறங்கவைத்தவர்களாவோம். மருத்துவர் தந்ததை நாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

பால்டிமோர் 2025 செப்டம்பரில் மறைந்தார். அடுத்த முறை குழந்தையின் முழங்கால் சிவக்கும்போது அவரை நினைவுகூர்வோம். புண்ணைக் கழுவிச் சுத்தமாக வைப்போம். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ தாமதியாது மருத்துவரை நாடுவோம். சிக்னலில் கைவைக்கும் உரிமை அறிந்தவர்க்கே உரியது.