சொட்டு எண்ணுபவர் யார்?

நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் 2020 ஜூலை 1 அன்று கொதிகலன் வெடித்ததில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பலர் தீப்புண்களுடன் சிகிச்சை பெற்றனர். பழுப்பு நிலக்கரியும் நீராவியும் சூழ்ந்த ஊரில் தீப்புண் சிகிச்சை பற்றி எல்லாரும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது. மருத்துவர், செவிலியர் உறவை விளங்கிக்கொள்ளவும் அது ஏற்ற உதாரணம்.

கடுந்தீப்புண் பட்டவரின் இரத்த நுண்குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்திலுள்ள நீர் வெளியேறுவதால் சிறுநீரகம் கெடும். இதை ஈடுகட்ட மருத்துவர் ஒரு கணக்குப் போடுகிறார். எடை 60 கிலோ, வெந்த தோல் 40 விழுக்காடு எனில், 4 x 60 x 40 = 9,600 மில்லி லிட்டர் உப்புக் கரைசல் 24 மணி நேரத்தில் ஏற்றவேண்டும். அதில் பாதி, விபத்து நேர்ந்ததிலிருந்து முதல் 8 மணிக்குள் ஏறவேண்டும்.

ஆனால் கணக்கு வெறும் தொடக்கமே. ஏற்றுவது போதுமா என்று காட்டுவது சிறுநீர். வயது வந்தவருக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லி வரை இறங்கவேண்டும். குறைந்தால் கரைசல் போதவில்லை. கரைசல் மிஞ்சினாலோ உடல் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். மணிக்கு மணி அளந்து குறிப்பவர் செவிலியர். நள்ளிரவில் 15 மில்லிதான் வந்திருக்கிறது என்பதை முதலில் காண்பவரும் அவரே.

அவர் என்ன சொல்வார்? 'சொட்டைக் கூட்டவேண்டும்' என்றா, 'யூரின் குறைகிறது, டாக்டர்' என்று மட்டுமா? அமெரிக்க மனநல மருத்துவர் லியோனார்ட் ஸ்டைன் 1967-இல் இதை ஒரு 'விளையாட்டு' என்றே வருணித்தார். செவிலியர் யோசனை சொல்லவேண்டும், ஆனால் சொன்னதாகத் தெரியக்கூடாது. மருத்துவர் அதைக் கேட்டுக்கொள்ளவேண்டும், ஆனால் கேட்டதாகத் தெரியக்கூடாது! 1990-இல் அவரும் வேறு இருவரும் மீண்டும் எழுதியபோது, செவிலியர்கள் அந்த ஆட்டத்தை நிறுத்தத் தொடங்கிவிட்டதாகக் குறிப்பிட்டனர்.

வேலூரில் 1946-இலேயே செவிலியருக்குப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. ஆயினும் 'சிஸ்டர்' என்று அன்பாக அழைத்து, கட்டளையை நிறைவேற்றும் கையாகவே காணும் மருத்துவர்கள் இன்றும் உளர். அன்பு வேறு, மதிப்பு வேறு அன்றோ?

ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், அறுவை சிகிச்சை பெற்ற நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. ஒரு செவிலியருக்கு நோயாளி ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. பட்டம் பெற்ற செவிலியர் 10 விழுக்காடு கூடினால் அதே அளவு குறைகிறது. இதுவே காரணம் என்று இது நிறுவிவிடவில்லை. ஆனால் ஏவலாள் என்ற எண்ணத்துக்கு இது இடம் தரவில்லை.

சில தீப்புண் பிரிவுகளில் மருத்துவர் சிறுநீரின் மேல், கீழ் எல்லைகளை எழுதிவிடுகிறார். அதற்கேற்பச் சொட்டின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செவிலியருக்கே உரிமை. எல்லையைத் தாண்டினால் மட்டும் மருத்துவரை எழுப்புவார்.