நாற்பது வயதில் ஹாட்ரிக்: சுனில் சேத்ரியிடம் நாம் பார்க்க வேண்டியது

எங்கள் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் எழுபது வயதிலும் பட்டறையில் உட்கார்ந்து மெழுகு பிடிக்கிறார்கள். வயது ஏற ஏற அவர்களுடைய கைக்கு மதிப்புக் கூடுகிறது. கால்பந்து வீரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முப்பத்து மூன்றைத் தாண்டியதுமே, "எப்போது விடப் போகிறீர்கள்?" என்ற கேள்வி வந்துவிடும்.

இந்திய அணியின் தலைவராக இருந்த சுனில் சேத்ரி அந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் கழித்தே பதில் சொன்னார். 2005 ஜூனில், குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டம். அதிலேயே ஒரு கோல். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடி விடைபெற்றபோது 151 ஆட்டங்கள், 94 கோல்கள். ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயீ ஆகியோருக்கு அடுத்த இடம்.

ஓய்வை அறிவித்த காணொளியில் அவர் சாதனைப் பட்டியல் எதையும் வாசிக்கவில்லை. முதல் ஆட்டத்தன்று தேசிய அணியின் சட்டையில் வாசனைத் திரவியம் தெளித்துக் கொண்டதைச் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளில் மனத்தில் நிற்பவை கடமையும் அழுத்தமும் அளவற்ற மகிழ்ச்சியும்தான் என்றார்.

இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது எப்படி? திறமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவருடைய பாதையில் தோல்விகளே முதலில் கண்ணில் படுகின்றன. 2009இல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அழைத்தும், பணி அனுமதி மறுக்கப்பட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் 'பி' அணி என்று போய்ப் பார்த்தார். இரண்டிலும் நிலைக்க முடியவில்லை. 2013இல் பெங்களூரு எஃப்சிக்கு வந்தபோது வயது 29. பலர் மூட்டை கட்டும் அந்த வயதுக்குப் பிறகுதான் அவருடைய பெரும்பாலான கோப்பைகள் வந்தன.

உறக்கத்தையும் உணவையும் கண்டிப்பாக்கினார். இறைச்சி, பால் பொருட்களையே விட்டார். (பிரியாணிப் பிரியர்களான நமக்கு இது சற்றுக் கடினமான பாடம்தான்!) ஓட்டம் குறையும் வயதில், பந்து வந்து விழும் இடத்தை முன்கூட்டியே கணிப்பதைக் கூர்மையாக்கினார். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான். ஆனாலும் தலையால் முட்டிப் போட்ட கோல்கள் ஏராளம். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக மூன்று கோல் அடித்தபோது வயது நாற்பது. இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் ஐம்பது வயதிலும் லீக் ஆடினார் என்பது உண்மை. ஆனால் அது 1965. இன்றைய வேகம் வேறு.

இதில் நமக்கு ஒரு நெருடலும் உண்டு. 2025 மார்ச்சில் ஓய்விலிருந்து அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக, அதுவும் தலையால், 95ஆவது கோலைப் போட்டார். அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் நாற்பது வயதுக்காரரின் இடத்தை நிரப்ப ஆள் இல்லை என்பது கொண்டாட வேண்டிய செய்தியா? கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்தை வெளிநாட்டு வீரர்களுக்கே கொடுக்கின்றன. உட்கார்ந்து பார்த்தே நம் பையன்கள் எப்படி வளர்வார்கள்? 2027 ஆசியக் கோப்பைக்கும் இந்தியா தகுதி பெறவில்லை.

ஆட்டக்காலம் முடிந்தாலும் வளர்ச்சி முடிய வேண்டியதில்லை என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த சையத் சாபிர் பாஷா உதாரணம். இந்தியன் வங்கி அணிக்கும் நாட்டுக்கும் கோல் அடித்தவர், பிறகு அதே வங்கி அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். சென்னையின் எஃப்சியில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். அங்கிருந்து அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநர் பொறுப்புக்குப் போனார்.

எங்கள் பகுதியில் சம்பா அறுவடை முடிந்ததும், அஸர் தொழுகைக்குப் பிறகு வயலில் பந்து உருளும். இருபத்திரண்டு வயதில் பையன்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். விடுமுறைக்கு வரும்போது தொப்பையோடு வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். போன மாசியில் அப்படி நின்ற ஒருவரிடம், "காக்கா, கோல் கீப்பராவது நில்லுங்களேன்" என்று சிறுவர்கள் கேட்டார்கள். முழங்கால் வலி என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.