ஸ்விங்கர்ஸ் (1996 திரைப்படம்)

ஸ்விங்கர்ஸ் என்பது 1996 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம் ஆகும். டக் லைமன் இயக்கிய இப்படத்திற்கு ஜான் ஃபாவ்ரோ திரைக்கதை எழுதி, முதன்மை வேடத்திலும் நடித்தார். வின்ஸ் வான், ரான் லிவிங்ஸ்டன், பேட்ரிக் வான் ஹார்ன், அலெக்ஸ் டெசர்ட், ஹெதர் கிரஹாம் ஆகியோர் பிற முக்கிய வேடங்களில் நடித்துள்ளனர். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடிப்பு வாய்ப்புத் தேடி அலையும் சில இளைஞர்களின் இரவுப் பொழுதுகளையும் அவர்களுக்கு இடையிலான நட்பையும் படம் சொல்கிறது. ஏறத்தாழ 2 முதல் 2.5 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட இது, 1990களின் அமெரிக்கத் தற்சார்புத் திரைப்படங்களுள் குறிப்பிடத்தக்க ஒன்றாகக் கருதப்படுகிறது.

கதைச்சுருக்கம்

மைக், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு ஆண்டுகள் உடன் இருந்த காதலி மிஷெலைப் பிரிந்த துயரிலிருந்து அவனால் மீள முடியவில்லை. அவள் அழைப்பாள் என்று தொலைபேசி அருகிலேயே காத்துக் கிடக்கிறான். நீ அவளை உண்மையாகவே மறக்கும் நாள் வரை அவள் அழைக்க மாட்டாள் என்று நண்பன் ராப் படத்தின் தொடக்கத்தில் அவனிடம் சொல்கிறான்.

துணிச்சலும் வாய்ச்சாலகமும் மிக்க மற்றொரு நண்பன் டிரென்ட், மைக்கின் மனத்தை மாற்ற அன்றிரவே அவனை லாஸ் வேகாஸுக்கு இழுத்துச் செல்கிறான். பெரிய சூதாடிகள் போல உடுத்திக்கொண்டு போகும் இருவரும் தங்கள் வசதிக்கு மீறிய சீட்டு மேசையில் அமர்ந்து பணத்தை இழக்கின்றனர். அங்கே அறிமுகமாகும் பெண்களிடமும் மைக் தன் பழைய காதலியைப் பற்றியே பேசி, இரவைக் கெடுத்துக்கொள்கிறான்.

லாஸ் ஏஞ்சலஸ் திரும்பிய பின் நண்பர்கள் விருந்து வீடுகளிலும் மதுக்கூடங்களிலும் சுற்றுகின்றனர். ஒரு வாகன நிறுத்துமிடத்தில் வேறொரு கூட்டத்துடன் தகராறு ஏற்பட, சூ என்ற நண்பன் துப்பாக்கியை எடுக்கிறான். அதனால் நண்பர்களுக்குள்ளேயே சண்டை மூள்கிறது. அதே இரவில் மைக், அன்று அறிமுகமான நிக்கி என்ற பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து அவமானப்படுகிறான். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மனம் உடையும் அவனை ராப் தேற்றுகிறான்.

பின்னர் ஒரு நடனக் கூடத்தில் லொரெய்ன் என்ற பெண்ணைச் சந்திக்கும் மைக், முதன்முறையாக இயல்பாகப் பேசுகிறான். அவளுடன் ஸ்விங் நடனமும் ஆடுகிறான். மறுநாள் மிஷெல் அழைக்கிறாள். அதே வேளையில் மறு இணைப்பில் லொரெய்ன் அழைக்கிறாள். மைக் லொரெய்னுடன் பேசத் தேர்ந்தெடுக்கிறான். ராப் தொடக்கத்தில் சொன்னது பலித்துவிடுகிறது.

தொலைபேசிக் காட்சி

படத்தில் மிக அதிகமாகப் பேசப்படும் காட்சி, மைக் நிக்கியை அழைக்கும் காட்சியே. இதை இன்றைய வாசகர் புரிந்துகொள்ள அன்றைய தொழில்நுட்பத்தை அறிய வேண்டும். கைபேசி பரவலாகாத அக்காலத்தில், வீட்டுத் தொலைபேசியுடன் ஒரு பதிவுக் கருவி இணைக்கப்பட்டிருக்கும். யாரும் எடுக்காவிட்டால் அழைப்பவரின் குரலை அது பதிவு செய்யும். குறித்த நேரம் கடந்ததும் ஒலி எழுப்பித் தொடர்பைத் துண்டித்துவிடும். பதிவாகும் குரலை வீட்டில் இருப்பவர் உடனுக்குடன் கேட்கவும் முடியும்.

பின்னிரவில் நிக்கியை அழைக்கும் மைக், தன் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் கருவி துண்டித்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய மீண்டும் அழைக்கிறான். அந்தச் செய்தியை விளக்க இன்னொரு முறை அழைக்கிறான். இப்படியே வளர்ந்து, ஒரு முறைகூட வெளியே செல்லாத உறவு அந்தக் கருவியிலேயே தொடங்கி, கசந்து, முடிந்தும் போகிறது. கடைசியில் நிக்கி எடுத்து, இனி அழைக்காதே என்று சொல்லி வைக்கிறாள். ஓர் அறை, ஒரு நடிகர், ஒரு தொலைபேசி ஆகியவற்றைத் தவிர இக்காட்சிக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

தயாரிப்பு

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ஃபாவ்ரோ, சிகாகோவில் மேடை நகைச்சுவையில் பயின்றவர். 1993 இல் வெளிவந்த ரூடி படத்தில் நடித்தபோது வின்ஸ் வானைச் சந்தித்தார். பின் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறி, தன் சொந்தக் காதல் முறிவையும் நண்பர்களுடன் கழித்த இரவுகளையும் கொண்டு இத்திரைக்கதையை ஏறத்தாழ இரண்டு வாரங்களில் எழுதினார். டிரென்ட் வேடம் வானை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

திரைக்கதையில் ஆர்வம் காட்டிய முதலீட்டாளர்கள் சிலர், பெயர் பெற்ற நடிகர்கள் வேண்டும் என்றனர். ஃபாவ்ரோவுக்கு அப்போது பணத்தேவை இருந்தது. திரைக்கதையை விற்றிருந்தால் கணிசமான தொகை கிடைத்திருக்கும். ஆனால் யாரைப் பற்றி எழுதினாரோ அந்த நண்பர்கள் இல்லாமல் படம் எடுக்க அவர் உடன்படவில்லை. நண்பர்களையே வைத்துப் பொதுவில் திரைக்கதையை வாசித்துக் காட்டி முதலீடு தேடினார். இறுதியில் நண்பர் டக் லைமன், மிகக் குறைந்த செலவில் அதே நடிகர்களைக் கொண்டு எடுக்கலாம் என்று முன்வந்தார். தொடக்கத்தில் தானே இயக்க எண்ணியிருந்த ஃபாவ்ரோ, அப்பொறுப்பை லைமனிடம் விட்டார்.

படப்பிடிப்பு ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிந்தது. லைமனே ஒளிப்பதிவும் செய்தார். மதுக்கூடங்களை வாடகைக்கு எடுத்து, துணை நடிகர்களால் நிரப்பப் பணம் இல்லை. ஆகவே லாஸ் ஏஞ்சலஸின் டர்பி, டிரெஸ்டன் முதலிய உண்மையான இடங்களிலேயே, வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு நடுவே, தோளில் ஏந்திய கருவியுடன் எடுத்தனர். ஒளியமைப்பும் எளிமையாக இருந்தது. படத்தின் இரவுக் காட்சிகளில் தெரியும் மங்கலும் நெரிசலும் இவ்வாறு வந்தவையே. பணமின்மை இங்கே ஒரு குறையாக நிற்காமல் படத்தின் நடையாகவே மாறியது.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் குட்ஃபெல்லாஸ் (1990) படத்தில், பின்வாசல் வழியே விடுதிக்குள் நுழையும் புகழ்பெற்ற நீண்ட காட்சி ஒன்று உண்டு. அதற்கு ஒளியமைப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று இப்படத்தின் நண்பர்கள் சீட்டாடியபடி வியக்கின்றனர். பிறகு, அவர்கள் டர்பிக்குள் பின்வழியாக நுழைவதை அதே போன்ற நீண்ட காட்சியாக லைமன் எடுத்துள்ளார்.

இசையும் நகரமும்

ஸ்விங் என்பது 1930களிலும் 1940களிலும் அமெரிக்காவில் செழித்த, பெரிய இசைக்குழுக்கள் வாசிக்கும் ஜாஸ் வகையும் அதற்கான இணை நடனமும் ஆகும். 1990களில் இளைஞர்களிடையே இது மீண்டும் உயிர்பெற்றது. டர்பியில் வாசித்துவந்த பிக் பேட் வூடூ டாடி என்ற இசைக்குழு படத்தில் நேரடியாகத் தோன்றுகிறது. படத்திற்குப் பின் ஸ்விங் மோகம் நாடு முழுவதும் பரவ இக்குழுவும் புகழ்பெற்றது. 1999 ஆம் ஆண்டு சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியிலும் வாசித்தது.

நகரமும் ஒரு பாத்திரம் போலவே அமைந்துள்ளது. கார் இன்றி நகர முடியாத லாஸ் ஏஞ்சலஸில், ஒரே விருந்துக்குச் செல்லும் நண்பர்கள் ஆளுக்கொரு காரில் வரிசையாகப் போகின்றனர். கூட்டமாக இருந்தும் ஒவ்வொருவரும் தனியே பயணிப்பதை இந்த நகைச்சுவை காட்டிவிடுகிறது.

வெளியீடும் தாக்கமும்

படத்தின் உரிமையை மிராமாக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 1996 அக்டோபரில் வெளியிட்டது. திரையரங்குகளில் இது ஏறத்தாழ 45 லட்சம் டாலர் ஈட்டியது. பின்னர் வீட்டு ஒளிநாடா வழியாகப் பெரும் ரசிகர் வட்டத்தைப் பெற்றது. நண்பர்கள் பேசும் கொச்சைச் சொற்கள் இளைஞர் பேச்சில் கலந்தன. லைமனுக்கு 1997 இல் சிறந்த புதிய இயக்குநருக்கான எம்டிவி திரைப்பட விருது கிடைத்தது.

ஜாஸ் படத்தின் இசையைப் பயன்படுத்த அனுமதி கோரியபோது இப்படத்தைப் பார்த்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், வின்ஸ் வானை தி லாஸ்ட் வேர்ல்ட்: ஜுராசிக் பார்க் (1997) படத்தில் நடிக்க வைத்தார். லைமன் தி போர்ன் ஐடென்டிட்டி (2002) படத்தை இயக்கினார். ஃபாவ்ரோ இயக்குநராகி அயன் மேன் (2008), தி ஜங்கிள் புக் (2016) உள்ளிட்ட பெரும்பொருட்செலவுப் படங்களை எடுத்தார். வானும் ஃபாவ்ரோவும் மேட் (2001) உட்படப் பல படங்களில் மீண்டும் இணைந்தனர்.

மதிப்பீடு

பெண்களை வெல்ல வேண்டிய இலக்காகவே பேசும் ஆண்களின் உலகம் இது. பெண் பாத்திரங்கள் சிலவே, அவையும் சுருக்கமானவை. எனினும் படம் அந்தப் பேச்சை அப்படியே ஏற்பதில்லை. டிரென்டின் உத்திகள் எவையும் மைக்குக்கு உதவுவதில்லை. அவற்றை விட்டுவிட்டுப் பேசும்போதுதான் லொரெய்ன் அவனுக்குத் தோழியாகிறாள். இறுதிக் காட்சியில், எதிரே இருக்கும் பெண் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக டிரென்ட் நம்புகிறான். அவளோ தன் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அதுவரை அறிவுரை சொல்லிவந்தவன் கூசி அமர்ந்திருக்க, அறிவுரை கேட்டுவந்த மைக் எதிரே அமைதியாக இருக்கிறான். நண்பர்களின் உத்திகள் தோற்றாலும், மைக் உடைந்துபோன வேளையில் அவன் வீட்டுக்கு வந்து உடன் அமர்ந்தவனும் ஒரு நண்பனே. அத்தகைய நண்பர்களை விட்டுக்கொடுக்க மறுத்ததால்தான் இப்படம் இந்த நடிகர்களுடன், இந்த வடிவில் உருவாக முடிந்தது.