பெர்ஷியன் பூனையின் முடி சடை பிடித்துவிட்டதா? கத்தரிக்கோலை கையில் எடுக்காதீங்க!

பள்ளி விடுமுறைக்கு பத்து நாள் ஊருக்குப் போயிருப்பீர்கள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, பூனைக்கு வேளாவேளைக்கு சாப்பாடு வைக்கச் சொல்லியிருப்பீர்கள். திரும்பி வந்து ஆசையாகத் தூக்கினால், முன்னங்காலின் அக்குளில் ஏதோ கட்டியாகக் கையில் தட்டுப்படும். பதறிப்போய் முடியை விலக்கிப் பார்த்தால் அது கட்டி இல்லை. முடியும் முடியும் பின்னி, கம்பளித் துண்டு போல இறுகிப்போன சடை.

உடனே தையல் டப்பாவில் இருக்கும் கத்தரிக்கோல்தான் பலருக்கும் ஞாபகம் வரும். "ஒரே வெட்டு, வேலை முடிஞ்சுது" என்று தோன்றும். பூனை வளர்ப்பவர்கள் வீட்டில் செய்யும் தவறுகளில் மோசமானது இதுதான்.

வெட்டினால் என்ன ஆகும்?

பூனையின் தோல் ரொம்ப மெல்லியது. உடம்போடு ஒட்டாமல் தளர்வாகவும் இருக்கும். சடை இறுக இறுக, அடியில் இருக்கும் தோலையும் கூடாரம் மாதிரி மேலே இழுத்துக்கொள்ளும். எங்கே முடி முடிகிறது, எங்கே தோல் ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முடியை வெட்டுவதாக நினைத்து தோலையும் சேர்த்து வெட்டிவிடுவோம். அந்தக் காயம் சும்மா கீறலாக இருக்காது. தோல் தளர்வானது என்பதால் வாய் பிளந்து நிற்கும். மயக்க மருந்து கொடுத்து தையல் போட வேண்டியிருக்கும். அடர்ந்த முடிக்குள் காயம் மறைந்துபோய், ஓரிரு நாள் கழித்து சீழ் வாடை வந்த பிறகுதான் தெரியும் என்ற நிலையும் வரலாம்.

நாக்கால் நக்கி சுத்தம் செய்யுமே, பிறகு ஏன் சிக்கு?

நியாயமான கேள்விதான். பூனையின் நாக்கு சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் குட்டிக் குட்டி முட்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த முட்களின் நுனி கரண்டி போல குழிவாக இருப்பதும், அது எச்சிலை அள்ளிக்கொண்டுபோய் முடியின் அடி வரை சேர்ப்பதும் தெரியவந்தது. புலி, சிங்கம் முதல் வீட்டுப் பூனை வரை இதே ஏற்பாடுதான். ஆனால் பெர்ஷியனிடம் மட்டும் கணக்கு உதைத்தது. அதன் முடியை அழுத்தினாலும், நாக்கின் முள் தோல் வரை எட்டவில்லை.

அதாவது, பெர்ஷியன் எவ்வளவு சுத்தக்காரப் பூனையாக இருந்தாலும் தன் முடியைத் தானே முழுசாகப் பராமரிக்க அதனால் முடியாது. மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து உருவாக்கிய முடி அது. அதைச் சீவி விடுவதும் மனிதர்கள் வேலைதான்.

மேலே தெரியும் நீள முடிக்கு அடியில், பஞ்சு போல இன்னொரு அடுக்கு இருக்கிறது. அந்த அடி முடி உதிரும்போது கீழே விழாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அதோடு எச்சில், எண்ணெய்ப் பசை, தூசி, அசைவால் ஏற்படும் உராய்வு எல்லாம் சேர்ந்தால் சடை ரெடி. காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வயிற்றில், தொடையின் பின்பக்கம், வாலுக்கு அடியில்... முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

அழகு கெட்டது மட்டும் இல்லை

பின்னலை ரொம்ப இறுக்கிப் போட்டால் தலை எப்படி வலிக்கும்? நாள் முழுக்க, ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்த வலி என்றால்? அக்குளில் சடை பிடித்த பூனை, தாவாமல் ஒரு மூலையில் படுத்துக்கொள்வது சோம்பலால் அல்ல.

சடைக்கு அடியில் காற்றுப் போகாது. ஈரம் தங்கும், தோல் புண்ணாகும், தெள்ளுப்பூச்சி ஒளிந்துகொள்ளும். நம் ஊர் மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாலுக்கு அடியில் மலம் ஒட்டிய சடையில் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில்கூட புழு வைத்துவிடும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீங்க. அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரி, எப்படித்தான் எடுப்பது?

பள்ளிக்குக் கிளம்பும் பெண் பிள்ளைக்கு அம்மா சிக்கெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர்ப்பக்கம் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவார். பூனைக்கும் அதே டெக்னிக்தான்.

தேவையானது அகலப் பல் கொண்ட ஸ்டீல் சீப்பு ஒன்று, நெருக்கமான பல் உள்ளது ஒன்று. பூனை தூங்கி எழுந்தோ, சாப்பிட்டு முடித்தோ நிதானமாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். சடைக்கும் தோலுக்கும் நடுவே விரல்களை வைத்து, வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுவை உங்கள் விரலோடு நின்றுவிட வேண்டும், தோலுக்குப் போகக் கூடாது. பிறகு சடையை விரல்களால் மெதுவாகப் பிரித்து, இரண்டு மூன்று சின்னச் சின்ன முடிச்சுகளாக ஆக்குங்கள். சீப்பின் கடைசி இரண்டு பற்களால் நுனியில் இருந்து கொத்திக் கொத்தி விடுவியுங்கள். வழுக்கலுக்கு, சமையலறையில் இருக்கும் சோள மாவை ஒரு சிட்டிகை தேய்த்துக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடம் போதும். காது பின்னால் மடங்குகிறதா, வால் டப் டப்பென்று அடிக்கிறதா? நிறுத்திவிடுங்கள். ஒரு சடையை எடுக்க மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் சடை போய்விடும். அடுத்த முறை சீப்பைப் பார்த்ததும் பூனையும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

குளிப்பாட்டினால் சிக்கு விட்டுவிடும் என்று நினைப்பது தப்பு. தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சடை இன்னும் இறுகும். முதலில் சிக்கு, அப்புறம்தான் குளியல். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பிசுபிசுப்பில் தூசி அப்பிக்கொள்ளும், மீதியைப் பூனை நக்கி வயிற்றுப்போக்கை வரவழைத்துக்கொள்ளும். டீ ட்ரீ ஆயில் பூனைக்கு விஷம். தெள்ளுப்பூச்சிக்காக நாய்க்கு வாங்கிய பவுடர், சொட்டு மருந்தையும் தொடாதீங்க. அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அதே கதைதான்.

மருத்துவரிடம் எப்போது?

விரல் நுழையாத அளவுக்கு தோலோடு ஒட்டிய சடை, முதுகு முழுக்க தகடு போல பரவிய சடை, அடியில் சிவப்பு, புண், வாடை... இவை வீட்டு வேலை அல்ல. மருத்துவரோ, பூனைகளைக் கையாண்டு பழகிய க்ரூமரோ க்ளிப்பர் மிஷினால் எடுப்பார்கள். சில பூனைகளுக்கு மயக்க ஊசி தேவைப்படும். பெர்ஷியனுக்கு மூக்கு சப்பை என்பதால் மூச்சு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் ஊசி போடும் முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த பூனைக்கு, வயதான பிறகு திடீரென்று முதுகிலும் இடுப்பிலும் சடை விழுந்தால் அது முடிப் பிரச்சனையாக மட்டும் இருக்காது. மூட்டு வலியால் உடம்பைத் திருப்ப முடியாமல் இருக்கலாம். பல் வலியால் நக்காமல் விட்டிருக்கலாம். உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. சடையை எடுத்துவிட்டு வந்துவிடாமல், முழு உடல் பரிசோதனையும் கேளுங்கள்.

வெயிலுக்கு மொட்டை அடிக்கலாமா?

ஏப்ரல், மே வந்தால் பெர்ஷியனை மொட்டையாக்கிவிடும் பழக்கம் இங்கே இருக்கிறது. சடை இல்லாத ஆரோக்கியமான பூனைக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. வெயில் நேரடியாகத் தோலில் படாமல் தடுப்பது அந்த முடிதான். அடி முடியைச் சீவி எடுத்து, ஃபேன் காற்றும் தண்ணீரும் நிழலும் கொடுத்தாலே பெரிய உதவி. வாலுக்கு அடியில் மட்டும் முடியைக் குறைத்து வைக்கலாம், சுத்தத்துக்கு நல்லது. அதையும் கத்தரிக்கோலால் அல்ல, க்ளிப்பரால்.

நீள முடிப் பூனை என்றால் தினமும் ஐந்து, பத்து நிமிடம் சீப்பு வேண்டும். பிரஷ் மேலே மேலே ஓடிவிடும். மேல் முடி பளபளப்பாக இருக்கும், அடியில் சடை வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் முடியை வகிடு எடுத்தது போல விலக்கி, தோல் தெரிகிறதா என்று பார்த்துச் சீவுங்கள். கடைசியில் நெருக்கப் பல் சீப்பு தடையில்லாமல் இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது.

சடைக்காக மொட்டை அடித்துவிட்டு வந்த பூனையா? முடி பழையபடி வளரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை உச்சி வெயிலில் பால்கனியில் விடாதீங்க. புது முடி விரல் நுனி அளவுக்கு வந்ததுமே, சிக்கு இல்லாவிட்டாலும், தினம் இரண்டு நிமிடம் சீப்பை ஓட்டப் பழக்கிவிடுங்கள். இந்த முறை சீப்பு என்றால் வலி என்று அதற்குத் தெரியாமலே இருக்கும்.