வளைந்த நாடியும் திரும்பி வரும் அடைப்பும்

ஆறு வளைந்து செல்லும் இடத்தைக் கவனித்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். வெளிப்புறக் கரையில் நீர் விரைந்து மோதுகிறது. அங்கே மண் நிலைப்பதில்லை. உட்புறக் கரையிலோ நீரின் வேகம் தளர்கிறது. அங்கே மணல் திட்டாகிறது. நமது இருதயத்தின் முடியுரு நாடிகளிலும் இதனையொத்த நிகழ்ச்சியொன்று நடைபெறுகின்றது.

இருதயத் தசைக்கு இரத்தமூட்டும் இந்நாடிகளின் உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையே. கொழுப்புப் படிந்து இவை குறுகும்போது நெஞ்சுவலி உண்டாகின்றது. 1977ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குருன்ட்சிக் என்னும் வைத்தியர், சிறு பலூனொன்றை நாடிக்குள் செலுத்தி ஊதி, குறுகிய வழியை அகலச் செய்தார். ஆயினும், அகன்ற நாடி பலருக்குச் சில மாதங்களில் மீண்டும் சுருங்கியது. 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயேல் என்பவர், ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயை முதன்முதலாக மனித முடியுரு நாடியொன்றில் பொருத்தினார்.

வலைக்குழாய் நாடியைத் தாங்கி நின்றது. ஆனால் புதியதொரு தொல்லையும் தோன்றியது. உலோகம் அழுத்தும் இடத்தில் நாடிச்சுவர் காயமடைகின்றது. அதனை ஆற்ற முனையும் உடல், மழமழப்பான தசைக்கலங்களை அளவுக்கு மீறிப் பெருக்குமாயின், வலைக்குள்ளேயே வழி குறுகிவிடும். 2002ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தன, முற்றாக ஒழித்துவிடவில்லை.

ஒரே வகை ஸ்டென்ட் பொருத்தப்பெற்ற இருவருள் ஒருவருக்கு மட்டும் அடைப்புத் திரும்புவானேன்? நீரிழிவு முக்கியமான ஒரு காரணம். நாடியின் வடிவம் மற்றொன்று.

முதலில் அகலத்தைப் பார்ப்போம். சுவரெங்கும் அரை மில்லிமீற்றர் தடிப்பில் புதிய தசை வளர்ந்ததாகக் கொள்வோம். 4 மில்லிமீற்றர் நாடியில் வழியின் பரப்பிற் பாதிக்கு மேல் எஞ்சும். 2 மில்லிமீற்றர் நாடியிலோ காற்பங்கே எஞ்சும். மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது வளைவு. நாடியின் உட்சுவரிலுள்ள கலங்கள் இரத்தம் உராய்ந்து செல்வதை உணரவல்லவை. உராய்வு போதியதாயின் சுவர் அமைதியாக இருக்கும். வளைவின் உட்புறத்தில் அது குறையும்போது தசை வளரத் தூண்டப்படுகின்றது. ஆற்றில் மணல் வந்து படிகின்றது. நாடியிலோ சுவரே வளர்கின்றது. வேற்றுமை இதுவே. நாடி இரண்டாகக் கிளைக்கும் இடத்திலும், பிரியும் முனைக்கு எதிரேயுள்ள சுவரில் இவ்வாறே ஓட்டம் தளர்கின்றது.

விறைப்பான ஸ்டென்ட் வளைந்த நாடியை நிமிர்த்துவதும் உண்டு. அப்போது அதன் இரு முனைகளிலும் நாடி கூர்மையாக மடிகின்றது. இருதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கின்றது. ஓயாது மடிந்து நிமிரும் இடத்தில் உலோகம் சில வேளைகளில் முறிந்துவிடும். முறிந்த இடத்தில் அடைப்பு எளிதில் திரும்பும்.

ஆதலின் வைத்திய நிபுணர்கள் நாடியின் உட்புறத்தை ஒலியலைகளாலோ ஒளியாலோ படம்பிடித்து, அளவறிந்து, வளைந்து கொடுக்கும் ஸ்டென்ட்டைத் தெரிந்தெடுக்கின்றனர். கிளைக்கும் இடத்தில் ஒன்றே போதுமாயின் இரண்டாவதைத் தவிர்க்கின்றனர்.

ஸ்டென்ட் பொருத்தியதும் நோய் நீங்கிவிட்டதென்று எண்ணி வாளாவிருத்தல் தவறு. நடக்கும்போது நெஞ்சிறுக்கம் மீண்டும் தோன்றுமாயின், வாய்வுக் கோளாறென்று தள்ளிவிடாது வைத்தியரை நாடுதல் வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை அவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டினுள் இரத்தம் திடீரெனக் கட்டியாகி மாரடைப்பு நேரக்கூடும். நாடியின் வடிவம் பிறப்போடு வந்தது. நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் புகைத்தலைக் கைவிடுவதும் நம் கையிலேயே உள்ளன.